நேற்றிரவு உறங்கியோர்

ரோங்பெக்கிரி, புனத்திலிருந்து
10 ஜூலை 2003, வியாழன்

கிரென்சியின் அப்பாவுக்கு,

நாளைக்கு நோக்சிக் சந்தைக்கு இறங்குகிறவர்களிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நான்கு மாதமாக எழுதாதவள் எழுதுகிறாளே, மனது இளகிவிட்டதோ என்று குதிக்காதே. கொசுவலைக்காகத்தான் எழுதுகிறேன்.

சம்பக்கிரிக்கு வலை வந்துவிட்டது. மருந்தில் முக்கிய நீல வலை, குடும்பத்துக்கு இரண்டு. உன் ஆபீஸ் ஆட்கள் ஜீப்பில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு ஓடை. அதைத் தாண்டக் கூடாது என்று கொசுவுக்கு யாராவது உத்தரவு போட்டிருக்கிறார்களா? பாத்திரம் கழுவப் போனால் அந்த ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள், "உன் வீட்டுக்காரரு கொசு ஆபீஸ்லதானே இருக்காரு? ஊருக்கெல்லாம் வலை குடுக்கறவரு பெண்டாட்டிக்கு ஒண்ணு குடுக்கலியா?" என்று. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வந்து அழுதேன். இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூன் பாதியிலேயே எல்லோரும் புனத்துக்கு ஏறிவிட்டோம். இனி அறுப்பு முடிகிறவரை சமையலும் படுக்கையும் இங்கேதான். ஐம்பத்து மூன்று குடில். கீழே ஊரில் இப்போது நாய்கூட இல்லை. இந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. யானை நடந்துபோன தடத்திலெல்லாம் தண்ணீர் நின்று, குனிந்து பார்த்தால் புழு நெளிகிறது. குடிலுக்குச் சுவர் ஏது, நாலு கம்பும் கூரையும்தான். பொழுது சாய்ந்தால் கொசு காதுக்குள் வந்து பாடுகிறது. கிரென்சியின் கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. தெங்சிக்குப் போன மாதம் குடிலிலேயே ஆண் குழந்தை பிறந்தது. விடிய விடிய அதற்குத் துணியால் விசிறி விசிறி, என் தங்கை உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

காய்ச்சல் இன்னும் வரவில்லை. ஆகஸ்டில் வரும். எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் வலை வேண்டும். யாரைக் கேட்பாயோ, யார் காலில் விழுவாயோ, அது உன் பாடு.

சில்மே


நோக்சிக்
11 ஜூலை 2003

கிரென்சியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் காலையில் கிடைத்தது. திரும்பி ஏறுகிறவர்களிடமே பதிலைக் கொடுக்கிறேன்.

வலை விஷயம் என் கையில் இல்லை. மாதம் ஒருமுறை, ஊருக்கு ஆறு வீடு என்று குறித்து வைத்திருக்கிறோம். விடியும் நேரத்தில் அந்த வீடுகளின் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து எண்ணி எழுதுகிறோம். எங்கே எண்ணிக்கை ஏறுகிறதோ அங்கே முதலில் வலை. சம்பக்கிரியில் மே மாதம் ஆறு, ஜூனில் பத்தொன்பது, ஜூலையில் நாற்பத்து மூன்று. ரோங்பெக்கிரியில் நான்கு, இரண்டு, ஒன்று. அதிகாரி ஹஜாங் சார் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். விதி அப்படி.

நீ ஒன்று செய்யலாம். பொழுது சாயும் முன்பே கிரென்சியையும் தெங்சியின் குழந்தையையும் கீழே கூட்டிப்போய் வீட்டில் படுக்கவை. அங்கே சுவருக்கு மருந்து அடித்திருக்கிறது.

என் வலையைக் கழற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிரென்சிக்கு. ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது, தைத்துவிட்டேன்.

நான்கு மாதமாக எழுதாதவள் என்று நீயே சொல்கிறாய். நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. மாமாதான் என்னை நோக்ரோமாக, வீட்டுக்கு வாரிசான மருமகனாக, அழைத்து வந்தார். "என் அக்கா மகன், எனக்கப்புறம் இந்த வீட்ல என் இடத்துல உக்காரப்போறவன்" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். அதே வாயால் மார்ச்சில் அதே ஊர் முன்னால் என்ன சொன்னார்? விதைப்புக்கு முன் புனத்துக்குத் தீ வைக்கிற நாளில் நான் ஆபீஸ் பயிற்சிக்குப் போனது தப்புதான். காற்று திரும்பி அவருடைய பாக்குத் தோப்பு எரிந்தது பெரிய நஷ்டம்தான். அதற்காக, "கொசு பிடிக்கிறவனுக்குப் பொண்ணைக் குடுத்தேன், அணைக்க வேண்டிய நெருப்பை அணைக்க ஆள் இல்லை" என்று நாற்பது பேர் சிரிக்கும்படி சொல்ல வேண்டுமா? நீயும் அங்கே நின்றாய். நீ சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வல்செங்


ரோங்பெக்கிரி, புனம்
24 ஜூலை 2003

கிரென்சியின் அப்பாவுக்கு,

பொழுது சாய்ந்ததும் குழந்தைகளைக் கீழே கூட்டிப்போக வேண்டுமாம். ஒரு மணி நேர இறக்கம், வழுக்குப் பாறை, அட்டை. நான் கீழே போய்விட்டால் இங்கே யானையை விரட்டத் தகரம் அடிக்க யார் இருக்கிறார்கள், நீயா? போன வாரம் யானை வந்து மேற்குப் பக்கம் மூன்று குடும்பத்துப் பயிரை மிதித்துத் தின்றுவிட்டுப் போனது. இந்த வயதில் அப்பா மரத்து மேல் பரணில் உட்கார்ந்து காவல் காக்கிறார். அது நீ உட்கார வேண்டிய பரண். ஆபீஸில் பேன் காற்றில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு யோசனை சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

சம்பக்கிரிக்காரர்களுக்குத் தாழ்வில் வயல். அவர்கள் வீட்டிலேயே படுக்கிறார்கள், அவர்கள் சுவரில் கொசு இருக்கிறது. நாங்கள் வீட்டில் படுக்கவில்லை. கடிக்க ஆள் இல்லாத வீட்டில் கொசுவுக்கு என்ன வேலை? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே இது புரிகிறது.

நீ எழுதிய எண்ணைப் படித்துவிட்டு நானும் கிரென்சியும் எண்ணினோம். அவள் கால், என் கால், இரண்டிலும் உட்கார உட்கார அடித்து, ஒன்றுக்கு ஒரு கோடு என்று கரியால் கம்பத்தில் போட்டோம். சோறு வேகும் நேரத்துக்குள் அறுபத்து இரண்டு. அவளுக்கு அது விளையாட்டு. "அப்பா மாதிரி எண்றோம்மா" என்று கைதட்டினாள்.

உன் வலையைத் தெங்சியின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பது நாள் குழந்தை. கிரென்சிக்கு ஆறு வயது, தாங்குவாள்.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். நம் ஊரில் இந்த மாதம் நீ எப்போது வந்து எண்ணினாய்? யாரும் உன்னைப் பார்க்கவில்லையே. பூட்டிய வீட்டில் உன்னை உள்ளே விட்டது யார்?

சில்மே


நோக்சிக்
25 ஜூலை 2003

கிரென்சியின் அம்மாவுக்கு,

குறித்த வீட்டில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. வீட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. வந்தேன், எண்ணினேன். இதற்கு மேல் கடிதத்தில் விளக்க முடியாது.

வலையை ஏன் கொடுத்தாய்? அது கிரென்சிக்கு என்று தெளிவாக எழுதியிருந்தேனே! உனக்கு எப்போதும் தங்கை முதலில், அப்பா அடுத்து, அதற்குப் பிறகுதான் நான், என் பிள்ளை. ஆறு வயது தாங்கும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? நான் தினமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை அடுக்குகிறவன். எந்த வயது தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்தக் குழந்தையிடமிருந்து பிடுங்கு என்று சொல்லவில்லை.

இருபது மாத்திரை அனுப்புகிறேன். குளிர் நடுக்கம் வந்தால் முதல் நாளே கொடு, பிறகு காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வா. சாயங்காலம் புகை போடு. காலுக்குத் துணி சுற்று. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மறுபடி எண்ண வருவேன். எண்ணிக்கை ஏறினால் வலை கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும்.

வல்செங்


7 ஆகஸ்ட்

மூன்று நாளாகக் கொதிக்கிறது. மாத்திரை கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள். இன்று காலையிலிருந்து என்னை அடையாளம் தெரியவில்லை. விறகு லாரிக்காரனிடம் இந்தச் சீட்டைக் கொடுக்கிறேன். நாளை முதல் பஸ்ஸில் வருகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் நில்.

சில்மே


ரோங்பெக்கிரி, புனம்
21 ஆகஸ்ட் 2003

கிரென்சியின் அப்பாவுக்கு,

கிரென்சி கஞ்சி குடிக்கிறாள். எலும்பாக இருக்கிறாள், ஆனால் வாய் குறையவில்லை. ஊசி போட்ட கையை எல்லோரிடமும் காட்டி, அப்பா ஒன்பது நாளும் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தார் என்று பெருமை பேசுகிறாள். படுத்திருந்தாய். நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அவளுக்கு வலிப்பு வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அப்போது உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

பஸ் ஏறும்போது நான் ஏன் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசித்திருப்பாய். சொல்கிறேன்.

கஞ்சி வைக்க உன் அறைக்குப் போனேன் அல்லவா? அடுப்புப் பக்கத்தில் உன் பெரிய நோட்டு இருந்தது. நம் ஊர்ப் பெயர் தெரிந்தது, புரட்டினேன். ஜூலை நான்காம் தேதி. மூன்றாவது வீடு, சில்மே சங்மா. அதற்கு நேராக ஒரு கட்டம். மேலே "நேற்றிரவு உறங்கியோர்" என்று தலைப்பு. அதில் நான்கு என்று எழுதியிருந்தாய்.

என் வீட்டில், நான் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வீட்டில், நான்கு பேர் உறங்கினார்களா! ஆறு வீட்டுக்கும் அப்படியே. ஐந்து, ஏழு, நான்கு, ஆறு. எல்லோரும் சுகமாகப் படுத்து உறங்கியிருக்கிறோம், ஒரு கொசுகூட எங்களைச் சீண்டவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் அதே. எப்போது வந்து எண்ணினாய் என்று நான் கடிதம் போட்டுக் கேட்ட பிறகும் அதே!

அந்த நான்கு பேர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். அப்பா, நான், கிரென்சி. நான்காவது ஆள் நீ.

ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. சொன்னால் உன்னை உயிரோடு விடமாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதும் உண்மை. நீயே உன் அதிகாரியிடம் போய்ச் சொல். இங்கே பதினொரு குடிலில் காய்ச்சல்.

அப்பாவுக்கும் நான்கு நாளாக விட்டு விட்டு நடுக்கம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பரணில் தனியாக இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "கதிரு பால் பிடிக்கிற நேரத்துல யாருடி இறங்கிப் போவா? இதெல்லாம் மழைக் காய்ச்சல், வேர்த்தா போயிரும்" என்கிறார். மாத்திரை கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

சில்மே


நோக்சிக்
22 ஆகஸ்ட் 2003

சில்மே,

பெயர் சொல்லி எழுதுகிறேன். கிரென்சியின் அப்பா என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு வாய் வரவில்லை.

நீ படித்தது அத்தனையும் உண்மை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நியாயம் சொல்வதற்காக அல்ல.

மக்கள் எங்கே படுக்கிறார்களோ அங்கே போய் எண்ண வேண்டும். உண்மையான விதி அதுதான். வீடு காலியாக இருந்தால் காலி என்று எழுதிவிட்டுக் குடிலுக்கு ஏற வேண்டும். போன வருஷம் நான் உங்களோடு குடிலில்தானே இருந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனால் குடிலுக்கு ஏறினால் மாமா இருப்பார். கையில் குழாயும் டார்ச்சுமாக நான் நிற்பதைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் முந்தின சாயங்காலமே சம்பக்கிரியில் வந்து தங்கி, ஊரில் ஒருவரும் இல்லாத நேரத்தில் வந்தேன். மூங்கில் தட்டியின் இடுக்கில் குழாயை விட்டுத் துழாவினேன். கிடைத்தது ஒன்று. உறங்கியோர் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள். போன வருஷக் கணக்கைப் பார்த்து எழுதினேன். நம் வீட்டுக்கு நான்கு என்று என்னையும் சேர்த்து எழுதியபோது, சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. இந்த முறை ஏறிவிடுவது என்று பாதி மலை ஏறினேன். ஓடைக்குப் பக்கத்தில் கிரென்சி தனியாக உட்கார்ந்து ஒரு தகர டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதும் காலைச் சொறிவதும், கழுவுவதும் சொறிவதுமாக. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாள். மேலே மாமா யாரையோ அதட்டும் குரல் கேட்டது. மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆறாம் நாள் உன் சீட்டு வந்தது.

திங்கட்கிழமை ஹஜாங் சாரிடம் சொல்கிறேன். வேலை போகும். வேலையும் போனால் நான் எந்த முகத்தோடு உன் வீட்டுக்குத் திரும்புவது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதையும் மறைக்கவில்லை.

மாமாவை உடனே இறக்கு. மழைக் காய்ச்சல் இல்லை அது. நான்கு பேர் கூடையில் சுமந்தால் சாயங்காலத்துக்குள் இங்கே கொண்டுவந்துவிடலாம். திட்டட்டும், கத்தட்டும், கட்டியாவது தூக்கி வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

வல்செங்


ரோங்பெக்கிரி
28 ஆகஸ்ட் 2003

வல்செங்குக்கு,

அப்பா நேற்று காலையில் போய்விட்டார். சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டோம்.

சனிக்கிழமை கூடை கட்டினோம். வரமாட்டேன் என்று பரண் கம்பைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை நினைவு தப்பியது. தூக்கிக்கொண்டு பாதி வழி இறங்கினோம், ஓடையில் வெள்ளம், தாண்ட முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்து ஊர் வீட்டில் கிடத்தினோம்.

மருமகனுக்கு ஆள் அனுப்பவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தலைமாட்டில் நோக்ரோம் உட்கார வேண்டிய பலகை காலியாகக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கே நேற்றுத்தான் தெரியும். சம்பக்கிரிக்கு வலை வந்த வாரம், நம் ஆட்கள் இருபது பேர் உன் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போடுவது என்று கிளம்பியிருக்கிறார்கள். அப்பாதான் தடுத்திருக்கிறார். "எண்ணினது என் மருமகன்டா. அவன் ஒண்ணுன்னு எழுதினா ஒண்ணுதான். அவன் கையெழுத்து மேல சந்தேகப்படறவன் என் மேல சந்தேகப்படறான். உக்காருங்கடா" என்றாராம். அவருக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்து வரும்போது தெங்சியின் வீட்டுக்காரர் சொன்னார், "மாமா எப்பவும் உன் புருஷனை விட்டுக் குடுக்க மாட்டாரு" என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அப்பாவிடம் நோட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவரே முன்னால் நின்று அந்த இருபது பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பார். இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியிலும் காட்டியிருக்கலாம். நான் உன் மானத்தைக் காப்பாற்றினேன். பத்து நாள் காப்பாற்றினேன்.

ஹஜாங்கிடம் சொன்னாயா இல்லையா? அதை மட்டும் எழுது.

சில்மே


நோக்சிக்
29 ஆகஸ்ட் 2003

சில்மே,

கடிதத்தைப் பிரிக்கும் முன்பே, கொண்டுவந்தவர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார், "மாமா போயிட்டாரே, ஏன் வரலை?" என்று. சந்தை நடுவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் சொல்லவில்லை. அதிகாரி வெளியூர் போயிருந்தார் என்று உனக்கு எழுதலாம், நீயும் நம்புவாய். அவர் போனது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை முழுக்க அவர் எனக்கு எதிர் மேசையில்தான் இருந்தார். இரண்டு முறை எழுந்து போனேன். ஒரு முறை பேனா கேட்டேன். இன்னொரு முறை விடுப்புத் தாள் கேட்டேன்.

இன்று மதியம் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்து முடித்து நேராகப் போய்ச் சொன்னேன். ஹஜாங் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எத்தனை மாசம்?" என்றார். இரண்டு என்றேன். "எத்தனை பேர் செத்தாங்க?" என்றார். எனக்குத் தெரிந்து ஒருவர், என் மாமா என்றேன். பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்துக் கிடங்குக்குப் பேசினார்.

கையிருப்பிலிருந்து நூற்று ஆறு வலை தருகிறார்கள். செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, ஜீப் மலையடிவாரம் வரை வரும். கூடவே ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து கொடுக்க இரண்டு பேர் வந்து குடிலிலேயே தங்குவார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வலையைச் சுமந்து ஏறவாவது விடுங்கள் என்று கேட்டேன், சரி என்றார்கள்.

மாமாவின் இடத்துக்கு வேறு ஒருவரைப் பார்க்கச் சொல். மாமாவின் அக்கா தங்கை வழிப் பிள்ளைகளில் நல்லவன் யாராவது இருப்பான். என்னைக் கூட்டிவந்தவரை நானே கொன்றுவிட்டு அவர் பலகையில் உட்கார எனக்குத் தகுதி இல்லை. இதை ஊர்ப் பெரியவர்களிடம் நீ சொன்னாலும் சரி, இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் சரி.

வல்செங்


ரோங்பெக்கிரி, புனம்
4 செப்டம்பர் 2003, வியாழன்

கிரென்சியின் அப்பாவுக்கு,

காட்டவில்லை. வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து உன் கடைசி இரண்டு கடிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சத்தமாக வாசித்தேன். பத்து நாள் நான் வாயைத் திறக்காததையும் சொன்னேன். எனக்கு ஒரு சலுகை வேண்டாம்.

பிறகு ஒரே கூச்சல். தெங்சியின் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு, "ஏறி வாடான்னு கூப்பிடுங்க அவனை, நான் எண்றேன் அவன் எலும்பை" என்று குதித்தார். தெங்சி அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அவளே, "அக்கா புருஷன் அனுப்புன வலையிலதான் என் புள்ளை உசுரோட கிடக்கு. அதுக்காக அந்த ஆளு முகத்தை நான் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

பெரியவர்கள் நீ சொன்னதையேதான் சொன்னார்கள். வேறு நோக்ரோம் பார்க்கலாம், அதற்கு நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது என்றார்கள். நம் வழக்கப்படி வீடு மகளான என்னுடையது என்பதால் என்னைக் கேட்டார்கள். நான் செவ்வாய்க்கிழமை வரை பொறுங்கள் என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று உனக்கு எழுதுகிறேன்.

வலையைச் சுமந்து வா. கீழே யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதே. ஐம்பத்து மூன்று குடிலுக்கும் நீயே ஏறு, உன் கையாலேயே கட்டு. கட்டும்போது அந்தக் குடும்பத்திடம் நீ என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். நான் வாசித்ததெல்லாம் கணக்கில் சேராது. சிலர் உட்காரச் சொல்வார்கள், சிலர் துப்புவார்கள், தெங்சியின் வீட்டுக்காரர் அடித்தாலும் அடிப்பார். நான் வந்து நடுவில் நிற்கமாட்டேன்.

தகுதியைப் பற்றி எழுதியிருந்தாய். உன் தகுதியை யார் கேட்டார்கள்? அறுப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நேற்றும் யானை வந்தது, நானும் கிரென்சியும் தகரம் அடித்தோம், அவளுக்குக் கையில் வலுவில்லை, இரண்டு தடவை கீழே போட்டுவிட்டாள். அப்பாவின் பரண் காலியாக இருக்கிறது. அதில் ஒரு வலையைக் கட்டு, ஏறி உட்கார். நீ எனக்கு இன்னும் புருஷனா இல்லையா என்பதை நெல் வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிறேன். இப்போது என்னால் முடியவில்லை.

வாசிக்கும்போது கிரென்சியை மட்டும் ஓடைப் பக்கம் அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தாத்தா காய்ச்சலில் போனார், அப்பா வலை கொண்டுவருகிறார், அவ்வளவுதான் அவளுக்கு. செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள். ஐம்பத்து மூன்று குடிலிலும் சொல்லிவிட்டு வந்த பிறகு அவளை மடியில் உட்காரவைத்து அவளுக்கும் சொல். அதை மட்டும் நான் உனக்காகச் செய்யமாட்டேன்.

சில்மே